கட்டியங்காரன் எங்கப்பா?

இப்போ எதைத் திறந்தாலும் ‘இம்மர்சிவ் எக்ஸ்பீரியன்ஸ்’தான். ஈசிஆர் ரிசார்ட் விளம்பரத்துல இருக்கு, மால்ல இருக்கு, கல்யாண மண்டபத்து நோட்டீஸ்ல கூட வந்துடுச்சு (அங்க மூணாவது பந்தியில இடம் பிடிக்கிறதே பெரிய அனுபவம், இது வேறயா). போய்ப் பார்த்தா என்ன இருக்கும்? ஒரு இருட்டு ரூம். நாலு புரொஜெக்டர். சுவத்துல பூ கொட்டும், தரையில மீன் நீந்தும், ஸ்பீக்கர்ல புல்லாங்குழல் ஓடும். நடுவுல நின்னு செல்ஃபி எடுத்துக்கிட்டு வெளிய வந்துடணும். ‘நீங்களே பங்கெடுக்கிற ஜாலியான நிகழ்ச்சி’ன்னு டிக்கெட்ல போட்டிருப்பாங்க. பங்கு எங்க? ஜாலி எங்க? உள்ள இருந்தப்போ வாய்விட்டுச் சிரிச்சவங்க யாராச்சும் இருந்தா கையைத் தூக்குங்க பார்ப்போம்.

புரொஜெக்டர் மேல எனக்கு ஒரு பகையும் கிடையாது. புதுச்சேரியை ஒட்டின நோணாங்குப்பத்துல உட்கார்ந்துக்கிட்டு எழுதறதால எரிச்சல் கொஞ்சம் கூடுதலா வருது, அவ்வளவுதான். ஏன்னா இந்தப் பக்கம், அதாவது புதுச்சேரி, கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை வரைக்கும், ஒரு ஊரையே ராத்திரி முழுக்கக் கதைக்குள்ள இழுத்துப்போட்டு, சிரிக்க வச்சு, அழ வச்சு, விடியக்காலையில பத்திரமா வீட்டுக்கு அனுப்பற வித்தை பல தலைமுறையா இருக்கு. தெருக்கூத்து. அதுல கட்டியங்காரன்னு ஒரு ஆள் வருவான். என் வாதம் இதுதான்: நேர்ல நடக்கிற எந்த விளையாட்டு நிகழ்ச்சியிலயும் ஜனங்களை உள்ள கொண்டுபோறது அந்த மாதிரி ஒரு ஆளோட வேலை. தன்னை முதல்ல கோமாளியாக்கிக்கிட்டு, கதைக்கும் கூட்டத்துக்கும் நடுவுல நின்னு, உள்ள வர்ற வழியையும் வெளிய போற வழியையும் காட்டற ஆள். அந்த ஆளுக்குச் சம்பளம் ஒதுக்காம செட்டுக்கும் லைட்டுக்கும் மட்டும் பணம் கொட்டினா, வர்றவங்களுக்கு பயம் வரும், போர் அடிக்கும், இல்லன்னா அத்துமீறத் தோணும். சிரிப்பு மட்டும் வராது.

சும்மா சொல்லல. முதல்ல கிளாஸ்கோ கதையைப் பாருங்க. 2024 பிப்ரவரியில ஸ்காட்லாந்துல அந்த ஊர்ல சாக்லேட் உலகத்துக்குள்ள குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போறோம்னு ஒரு நிகழ்ச்சி நடந்துச்சு. விளம்பரம் முழுக்க ஏஐ வரைஞ்ச படம்: மிட்டாய்க் காடு, வானவில், ஜொலிக்கிற ஆறு. டிக்கெட் 35 பவுண்டு வரைக்கும். போனா பாதி காலியான ஒரு குடோன். ஒரு ஓரத்துல காத்தடிச்சு ஊதுன குதிக்கிற மேடை, இங்கொண்ணும் அங்கொண்ணுமா பிளாஸ்டிக் அலங்காரம், குழந்தைக்கு ரெண்டு மூணு ஜெல்லி மிட்டாய், கால் கப் லெமனேடு. நடிகர்கள் கையில ஏஐ எழுதினது மாதிரி இருந்த ஒரு வசனத்தைக் கொடுத்து நடிக்கச் சொல்லியிருக்காங்க. அதுல சுவத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஒரு வில்லன் வேற. கண்ணாடிக்குப் பின்னால இருந்து அவன் எட்டிப் பார்த்ததுல குழந்தைங்க அழ, பெத்தவங்க கத்த, போலீஸ் வந்து, அன்னிக்கே நிகழ்ச்சியை மூடிட்டாங்க. உலகமே விழுந்து விழுந்து சிரிச்சுது. உள்ள இருந்த குழந்தை ஒண்ணு கூட சிரிக்கல. காசு கம்மி, செட்டு மட்டம்னு எல்லாரும் அதைத்தான் பேசினாங்க. நான் வேற ஒண்ணைக் கவனிச்சேன். ‘இந்த மாமா சும்மா நடிக்கிறாரு, பயப்படாதே’ன்னு குழந்தைகிட்ட சிரிச்சுக்கிட்டே சொல்றதுக்கு அந்தக் குடோன்ல ஒரு ஆளை யாரும் யோசிச்சு வைக்கல. அவன் ஒருத்தன் இருந்திருந்தா அந்த காலி குடோனையே காமெடி ஆக்கியிருப்பான். “ஆறு எங்கேன்னு தேடறீங்களா? இந்த வருஷம் மழை கம்மிங்க!” அவ்வளவு போதும்.

சரி, அது மட்டமான சரக்கு. நல்ல சரக்கைப் பார்ப்போம். பிரிட்டன்ல 2000ல ஆரம்பிச்ச பஞ்ச்ட்ரங்க்னு ஒரு நாடகக் குழு. அவங்களோட ‘ஸ்லீப் நோ மோர்’ நியூயார்க்ல 2011ல இருந்து 2025 ஜனவரி வரைக்கும் ஓடுச்சு. ஷேக்ஸ்பியரோட மாக்பெத் கதை. பழைய ஓட்டல் மாதிரி ஜோடிச்ச பல மாடிக் கட்டடம். பார்வையாளர் எல்லாருக்கும் வெள்ளை முகமூடி. வாயைத் திறக்கக் கூடாது. யார் பின்னால வேணும்னாலும் போகலாம், எந்த அலமாரியை வேணும்னாலும் திறந்து பார்க்கலாம். அபாரமான வேலை, சந்தேகமே இல்ல. முகமூடி போட்டதும் கூச்சம் போயிடுதுன்னு அவங்க கண்டுபிடிச்சது சரிதான். ஆனா கூச்சத்தோட சேர்ந்து வேற ஒண்ணும் போயிடுது. பார்வையாளர்கள் தங்களைத் தகாத மாதிரி தொட்டாங்கன்னு அங்க நடிச்சவங்க சொன்ன புகார்கள் 2018ல வெளிய வந்துச்சு. முகமில்லாத, பேசக் கூடாத, இருட்டுல நடமாடுற கூட்டத்தை “ஏய், நீலச்சட்டை, கையை எங்க கொண்டு போற?”ன்னு ஊர் முன்னால கேட்டு மானத்தை வாங்கறதுக்கு ஆள் வேணும் இல்ல? கட்டியங்காரன் அதைச் சிரிச்சுக்கிட்டே செய்வான். ஊரே சிரிக்கும். நீலச்சட்டை கையை மடியில வச்சுக்கிட்டு விடியற வரைக்கும் உட்கார்ந்திருப்பான்.

இப்போ கூத்துக்கு வருவோம். அவன் வர்ற விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கணும். மத்தளம், தாளம், முகவீணை, ஆர்மோனியம் எல்லாம் ஒரு சுத்து முழங்கி ஓய்ஞ்சிருக்கும். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டின ராஜாக்கள் யாரும் இன்னும் வரல. முதல்ல வர்றவன் கூம்புக் குல்லாவும் கலர் கலரா ஒட்டுப்போட்ட சட்டையும் மாட்டின இவன்தான். வந்ததும் தன்னைப் பத்தித்தான் தப்புத் தப்பாப் பேசுவான், தன் மூஞ்சியைத்தான் கேலி பண்ணுவான், ஆடத் தெரியாம ஆடிக் காட்டுவான். கூட்டம் சிரிக்க ஆரம்பிக்கும். அப்புறம் ரெண்டு பேர் ஒரு துணியைத் திரையாப் பிடிச்சுக்கிட்டு வருவாங்க. திரைக்கு மேல கிரீடம் மட்டும் தெரியும், கீழ சலங்கை கட்டின கால் தெரியும். நடுவுல ஆள் இல்ல, குரல் மட்டும். ராஜா தன் பெருமையைத் தானே பாடுவார். கட்டியங்காரன் திரைக்கு இந்தப் பக்கம் நின்னு, “யாருய்யா நீ? எந்த ஊரு? எதுக்கு வந்த?”ன்னு கேட்பான். நமக்குக் கேட்கணும்னு தோணுற அதே கேள்வி. துரியோதன மகாராஜாகிட்ட நாம கேட்க முடியாது, அவன் கேட்பான். ராஜா சமஸ்கிருதம் கலந்த பாட்டுல பதில் சொன்னா, இவன் அதை டீக்கடை பாஷையில நமக்குச் சொல்லுவான், பாதி தப்பாச் சொல்லுவான். திரை விலகறதுக்குள்ள நாம ராஜாவை ரெண்டு விதமாப் பார்த்தாச்சு: பாட்டுல கம்பீரமா, கட்டியங்காரன் வாய் வழியா காமெடியா. கதைக்குள்ள போறோம், ஆனா முழுசா மாட்டிக்கல. இந்த ஒரு திரைத்துணியும் ஒரு வாயும் செய்ற வேலையைத்தான் இன்னிக்கு ‘ஆன்போர்டிங்’னு பெயர் வச்சு பவர்பாயிண்ட்ல பாடம் எடுக்கிறாங்க.

அடுத்து யாருக்கு எவ்வளவு பங்குங்கிறது. திரௌபதி அம்மன் திருவிழாவுல கூத்து மேடையோட நிக்காது. பகாசுரன் வதம் அன்னிக்கு பீமன் வண்டி நிறையச் சாப்பாட்டோட தெருத்தெருவா வருவான். அர்ச்சுனன் தபசுக்கு நட்டு வச்ச உயரமான மரத்துல வேஷக்காரர் பாடிக்கிட்டே ஏறுவார். மேல இருந்து எலுமிச்சம்பழமும் வெத்திலையும் வீசுவார். பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் கீழ மடியேந்தி உட்கார்ந்திருப்பாங்க. கடைசியில படுகளம். ஊருக்கு வெளிய மண்ணால படுத்த வாக்குல செஞ்ச துரியோதனன், பல அடி நீளத்துக்கு, மீசையும் முறைச்ச கண்ணுமா. பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த மண் உடம்பைச் சுத்தி, அது மேலயே ஏறி ஓடி, துரத்தும். கூட்டமும் கூடவே ஓடும். தொடையில புதைச்சு வச்ச சிவப்புத் தண்ணி பீமன் கதாயுதத்துல தெறிக்கும், திரௌபதி கூந்தலை முடிவா.  இதுல எத்தனை படி இருக்குன்னு பாருங்க. மரத்தடியில மடியேந்தறவங்க ஒரு படி. பீமன் பின்னால ஓடற பையன் ஒரு படி. வீட்டுத் திண்ணையில நின்னு வண்டி போறதைப் பார்க்கிற பாட்டி இன்னொரு படி. தூங்கிட்டு, பீமன் வர்றப்போ எழுப்பிவிடச் சொல்றவரும் உண்டு. அவரும் கணக்குல சேர்த்திதான். யாரையும் ‘வா வந்து ஆடு’ன்னு மேடைக்கு இழுக்கல. தூரத்தை அவங்கவங்களே வச்சுக்கிறாங்க, வேணும்னா கிட்ட வர்றாங்க. இன்னிக்கு கார்ப்பரேட் நிகழ்ச்சிகள்ல மைக்கை மூஞ்சிக்கு நேரா நீட்டி “சொல்லுங்க மேடம், உங்க பேரென்ன?”ன்னு கேட்கிற தொகுப்பாளர் இதுல ஒரு படியைக் கூட கத்துக்கல.

இதுக்கெல்லாம் மேல எனக்கு முக்கியமாப் படறது இன்னொரு இடம். துகிலுரிதல் கூத்து. துச்சாதனன் திரௌபதி சேலையில கை வைக்கணும். ராத்திரி முழுக்க ஏத்தி ஏத்திக் கொண்டுவந்த உச்சம் அதுதான். அந்த நேரத்துல ஆட்டம் நிக்கும். கற்பூரம் கொளுத்துவாங்க. துச்சாதனன் வேஷம் கட்டினவர் அம்மனைக் கும்பிட்டு, நான் வேஷக்காரன்தான், என்னை மன்னிச்சுக்கோன்னு கேட்டுட்டுத்தான் சேலையைத் தொடுவார். யோசிச்சுப் பாருங்க. கதைக்குள்ள கூட்டம் ரொம்ப ஆழமாப் போற அந்த நிமிஷத்துலதான் கதையை விட்டு வெளிய வர்ற கதவையும் திறந்து வைக்கிறாங்க. அதனால அழுத்தம் குறையுதா? கூடுது. இதுல ஆபத்து இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்குக் காவல் போட்டாச்சுன்னும் தெரியும், அதனால தைரியமா அழறாங்க. நடுவுல கட்டியங்காரன் கௌரவர் சபையையே நக்கலடிச்சுக்கிட்டு நிப்பான். துரியோதனன் வீட்டுச் சம்பளக்காரன்தான், ஆனா வாய் மட்டும் நம்ம பக்கம்.

கதவே இல்லாம ஆழமாப் போனா என்ன ஆகும்? அதுக்கும் புதுச்சேரியிலயே சாட்சி இருக்கு. கருவடிக்குப்பத்துல சங்கரதாஸ் சுவாமிகள் சமாதி. 1922ல புதுச்சேரியிலதான் காலமானார். தமிழ் நாடகத்துக்கே தலைமை ஆசிரியர்னு கொண்டாடறோம். அவர் நடிக்கிறதை விட்டுட்டு வாத்தியார் ஆனதுக்கு நாடகக்காரங்க ஒரு காரணம் சொல்லுவாங்க. சனீஸ்வரன் வேஷத்தை அவர் விடியக்காலையில கலைக்கப் போனப்போ, எதிர்ல வந்த பெண் பார்த்து பயந்து விழுந்து உயிரை விட்டுட்டாளாம். இன்னொரு தடவை அவர் எமனா வந்து போட்ட கூச்சல்ல முன்னால இருந்த ஒரு பெண்ணுக்குக் கர்ப்பம் கலைஞ்சுடுச்சாம். கதையில கொஞ்சம் உப்பு புளி சேர்ந்திருக்கலாம். ஆனா ஒரு கலைஞனோட உச்சபட்ச வெற்றியை நாடக உலகம் ஒரு விபத்தாத்தான் ஞாபகம் வச்சிருக்கு, பாருங்க. அவர் எழுதின நாடகங்கள் ஸ்பெஷல் நாடகமா ஊர் ஊராப் போனப்போ முன்னால யாரு வந்து நின்னான்? பபூன். ராஜபார்ட்டு வர்றதுக்கு முன்னால கூட்டத்தோட வம்பு பேசி, தன்னையே கேலி பண்ணி, சிரிக்க வச்சு உட்கார வைக்கிறவன். கட்டியங்காரனோட பங்காளி.

இந்த இடத்துல என்னை மடக்க நாலு பேர் வருவாங்கன்னு தெரியும். முதல் ஆள் கேட்பார்: கூத்துல ஜனங்க ஈடுபடறது பக்தியால, அம்மனை எடுத்துட்டா உன் கட்டியங்காரன் என்ன பண்ணுவான்? நியாயமான கேள்வி. மடியேந்தறதுலயும் தீமிதியிலயும் பக்திதான் பெரும்பங்கு, நான் மறுக்கல. ஆனா சிரிப்புக்குப் பக்தி வேண்டாம். பாரீஸ்ல அரியான் முனுஷ்கின் நடத்துற தியேத்ர் டு சொலெய் குழு 2015 கடைசியிலயும் 2016 தொடக்கத்துலயும் புதுச்சேரியில வந்து தங்கிப் பட்டறை நடத்துச்சு. அதுக்குக் கொஞ்சம் முன்னாலதான், 2015 நவம்பர்ல, பாரீஸ்ல அந்தக் கொடூரத் தாக்குதல் நடந்திருந்துச்சு. 2016 நவம்பர்ல அவங்க மேடை ஏத்தின ‘இந்தியாவில் ஒரு அறை’ங்கிற நாடகத்துக்கு புரிசை கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான்கிட்ட கூத்து கத்துக்கிட்டு, மகாபாரதக் கூத்தையே உள்ள வச்சாங்க. பயங்கரவாதத்தைப் பத்திப் பேசற நாடகம் அது. அதுல பயங்கரவாதிகளையே கோமாளிகளா ஆக்கிக் காட்டினாங்க. திரௌபதி அம்மன் பெயரையே கேள்விப்படாத பாரீஸ் ஜனங்களுக்கு. அப்புறம் நியூயார்க்குக்கும் போச்சு. பயத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டுச் சிரிக்கிற அந்த ஏற்பாடு, கோயில் வாசலைத் தாண்டியும் வேலை செய்யுது.

ரெண்டாவது ஆள் சொல்லுவார் (இவர்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சவர், ஏன்னா பாதி சரியாச் சொல்றார்): கட்டியங்காரன் காமெடியைக் கேட்டிருக்கியா? ரெட்டை அர்த்தம், பொம்பளைங்களைக் கேலி, சாதியைச் சொல்லி நக்கல். இதையா மாடல்னு தூக்கிட்டு வர்ற? ஆமா, அந்த அழுக்கு இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்குத் தூங்கற கூட்டத்தை எழுப்ப சுலபமான வழி அதுதான்னு பல ஜமாக்கள் (கூத்துக் குழுக்கள்) அதுலயே விழுந்துடுச்சு. ஆனா அவனோட நல்ல ஜோக்குகள் எந்தத் திசையில பாயுதுன்னு பாருங்க. முதல்ல தன் மேல. அப்புறம் ராஜா மேல, மந்திரி மேல, ஊர்ப் பெரிய மனுஷன் மேல. தன்னைவிட எளியவங்க மேல பாயுறப்போ சிரிப்பு வந்தாலும் கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சுடும். சிரிக்கிறவங்க ஒரு பக்கம், சுருங்கி உட்கார்ந்தவங்க ஒரு பக்கம். எல்லாரையும் உள்ள இழுக்கணும்ங்கிற வேலையே அங்க தோத்துப்போச்சு. அதனால அதைத் தூக்கி எறியறதுக்கு ஒழுக்கக் காரணத்தோட தொழில் காரணமும் இருக்கு. கூத்து மாறாதுன்னும் சொல்ல முடியாது. ஆம்பளைங்களே பொம்பள வேஷம் கட்டின கலையில, காஞ்சிபுரத்துப் பக்கம் பெருங்கட்டூர் ராஜகோபால் நடத்தின கட்டைக்கூத்து குருகுலம் 2002ல இருந்து பெண் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்துச்சு. அவங்க கட்டியங்காரனா நின்னா அதே பழைய ஜோக்கை எப்படி அடிக்க முடியும்? வேற எழுதித்தான் ஆகணும்.

மூணாவது ஆள் மேனேஜர். ‘ஒரு கோமாளி எத்தனை பேரைப் பார்த்துப்பான்? புரொஜெக்டர் ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு ஓடும்.’ அவர் ஒரு கணக்கை விட்டுட்டார். கட்டியங்காரன் ஆயிரம் பேர்கிட்டயும் தனித்தனியாப் பேசறதில்ல. முன்வரிசையில ஒரு ஆளைப் பிடிப்பான். மத்தவங்க அத்தனை பேரும் ‘நல்லவேளை நானில்ல’ன்னு சிரிப்பாங்க, அதே நேரம் ‘அடுத்து நானா?’ன்னு நிமிர்ந்து உட்காருவாங்க. ஒருத்தர்கிட்ட பேசினது ஆயிரம் பேருக்குப் போய்ச் சேருது. புரொஜெக்டர் ஆயிரம் பேருக்கும் ஒரே பூவைத்தான் கொட்டுது. நேத்திக்கும் அதே பூ, நாளைக்கும் அதே பூ. ரெண்டாவது தடவை யார் வருவா?

நாலாவது ஆள் கிட்டத்தட்ட எல்லா வீட்டுலயும் இருக்கார்: ‘நம்ம ஜனங்க கூச்ச சுபாவம்ங்க, விளையாட வரமாட்டாங்க.’ உறியடியையும் வழுக்கு மரத்தையும் பார்க்காதவங்க பேசற பேச்சு. எண்ணெய் தடவின மரத்துல ஏறி வழுக்கி விழறதுக்கு வரிசைகட்டி ஆள் நிக்கிறாங்க. ஏறாதவங்களுக்கும் வேலை இருக்கு: தண்ணியை அடிக்கணும், கத்தணும், தோத்தவனைத் தூக்கிவிடணும். ஏறறவன் தானா வந்தவன். விழுந்தாலும் அது அவமானம் கிடையாது, ஏன்னா அங்க எல்லாருமே விழறாங்க. நம்ம ஜனங்களுக்கு விளையாடக் கூச்சம் கிடையாது. தனியாப் பிடிச்சு நிறுத்தி முட்டாளாக்கிடுவாங்களோங்கிற சந்தேகம் இருக்கு. ரொம்ப நியாயமான சந்தேகம் அது.

சரி, இதையெல்லாம் வச்சு நோணாங்குப்பத்துல என்ன பண்ணலாம்? சுண்ணாம்பாறு போட் ஹவுஸ் இருக்கு. அரசு சுற்றுலாக் கழகத்தோடது. கடலூர் ரோட்டுல இறங்கி, டிக்கெட் வாங்கி, லைஃப் ஜாக்கெட் மாட்டி, படகுல ஏறி, முகத்துவாரத்துப் பக்கம் பாரடைஸ் பீச்சுல இறங்கணும். வரிசை, வேஷம், பயணம், தீவு மாதிரி ஒரு இடம். நாடகக்காரன் கோடி ரூபாய் கொடுத்தாலும் கிடைக்காத அமைப்பு தயாரா இருக்கு. இதுல இப்போ வரிசையில நிக்கிறவங்க என்ன பண்றாங்க? போனைப் பார்க்கிறாங்க, முன்னால நிக்கிறவரை முறைக்கிறாங்க. பீச்சுல போய் ரெயின் டான்ஸ், டிஜேன்னு போட்டுத்தான் ஜாலி வரணுமா? அந்த டிஜே கோவாவுலயும் கிடைக்கும், மகாபலிபுரத்துலயும் கிடைக்கும்.

இந்த ஊர்லயே கிடைக்கிற ஜோக் ஒண்ணு இருக்கு: எல்லை. 1954 வரைக்கும் இது பிரெஞ்சுக்காரன் இடம். புதுச்சேரி ஒரே துண்டா இருந்ததும் கிடையாது. நடு நடுவுல கடலூர்க் கிராமங்கள் புகுந்து புறப்படும். அந்தக் காலத்துல பக்கத்து ஊருக்குப் போனாலே சுங்கச்சாவடி. இன்னிக்கும் இதே ரோட்டுல தெற்கே முள்ளோடை தாண்டினா எந்தப் பையில என்ன பாட்டில் இருக்குன்னு தேடற ஆளுங்க உண்டு (சிரிக்காதீங்க, உங்களுக்கும் தெரியும்). அதனால படகுத்துறையில ஒரு பொய்ச் சுங்கச்சாவடி. அதுல கூம்புக் குல்லாவுக்குப் பதிலா நம்ம ஊர்ப் போலீஸ் பாணியில சிவப்புத் தொப்பி போட்ட ஒரு கட்டியங்காரன். தொப்பி அவன் தலைக்கு ரெண்டு சைஸ் பெரிசா இருக்கணும், கண்ணை மறைக்கணும். முதல்ல தன்னையே சோதனை போடுவான். தன் பையில இருந்தே கருவாடு எடுத்துத் தனக்கே அபராதம் போட்டு, ரசீது எழுதித் தனக்கே கொடுத்து, லஞ்சம் வாங்கித் தன்னையே விட்டுடுவான். அதுக்கப்புறம்தான் வரிசைப் பக்கம் திரும்பணும். செல்ஃபி ஸ்டிக்குக்குச் சுங்கம். கூலிங் கிளாஸுக்குச் சுங்கம். வரி ரூபாயில கிடையாது. ஒரு நல்ல பொய்யாச் சொல்லணும், இல்லன்னா ரெண்டு வரி பாடணும். அந்தப் பொய்யை அவன் பெரிய பேரேட்டுல எழுதிக்குவான். படகு திரும்பி வர்றப்போ, ‘காலையில சிங்கத்தை வளர்க்கிறேன்னு சொன்ன மஞ்சள் சட்டை யாரு? சிங்கத்துக்குச் சாப்பாடு வச்சீங்களா?’ன்னு கேட்பான். மஞ்சள் சட்டைக்காரர் ஊருக்குப் போற வரைக்கும் சிங்க வளர்ப்பாளர்தான்.

விளையாட விருப்பமில்லாதவங்களுக்கு? இதுதான் டிசைன்ல ரொம்ப யோசிக்க வேண்டிய இடம். ‘வேண்டாம்னா ஒதுங்கி நில்லுங்க’ன்னு சொன்னா அதுவே அவமானம். டிக்கெட்டோட ஒரு அட்டை எடுத்துக்கலாம்னு வச்சிடணும்: ‘மேலதிகாரி’. அதைக் கழுத்துல மாட்டினவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. கேட்கப் போன கட்டியங்காரன் அட்டையைப் பார்த்ததும் பதறி, சல்யூட் அடிச்சு, பின்னாலேயே நடந்து போய் எதுலயாச்சும் இடிச்சுக்கணும். ஒண்ணுமே பண்ணாம நிக்கிற ஆள்தான் அங்க பெரிய ஆள் (அரசாங்க ஆபீஸ்ல மட்டும் என்ன வாழுது). கூச்சப்படறவர் அவமானப்படாம ஆட்டத்துக்குள்ளயே இருக்கார். ரெண்டாவது தடவை வர்றப்போ அட்டையைத் தானாத் திருப்பிக் கொடுத்துடுவார்னு நினைக்கிறேன். கொடுக்கலன்னாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது.

கற்பூரம் கொளுத்தற இடமும் வேணும். கடல் இந்தப் பக்கம் இழுக்கும். பீச்சுல இறங்கினதும் ‘அலையில இறங்காதீங்க’ன்னு சொல்லணும். அதை ஜோக்கா சொல்லவே கூடாது. கட்டியங்காரன் தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, சாதாரணக் குரல்ல, ‘இங்க இருந்து கொடி வரைக்கும்தான். நான் நிஜமாச் சொல்றேன்’னு சொல்லணும். அதுவரைக்கும் பொய்யா சொன்ன வாய், முதல் தடவையா நிஜம் பேசறப்போ ஜனங்க கேட்பாங்க. போர்டுல சிவப்பு எழுத்துல எழுதி வச்சதை யாரு படிக்கிறா? அதே மாதிரி படகு ஓடறப்போ ஓட்டறவர்கிட்ட ஒரு சேட்டையும் கிடையாது. ஆட்டமெல்லாம் துறையிலயும் மணல்லயும்தான்.

செலவுன்னு கேட்டா, ஒரு நல்ல புரொஜெக்டர் செட்டோட விலையில நாலு கூத்துக்காரங்களுக்குப் பல மாசம் கௌரவமாச் சம்பளம் கொடுக்கலாம். அவங்களுக்கு வேலை குவியறது பங்குனியில இருந்து ஆடி வரைக்கும், திருவிழாக் காலத்துல. டிசம்பர், ஜனவரியில புதுச்சேரியில நிக்க இடமில்லாம டூரிஸ்ட்டு இருக்கிறப்போ பல ஜமா சும்மா இருக்கும். ரெண்டும் எவ்வளவு அழகாப் பொருந்துது பாருங்க. ஆனா நேரா நியூ இயர் கூட்டத்துல கொண்டுபோய் இறக்கிடாதீங்க, யார் கட்டியங்காரன், யார் போதைன்னு தெரியாது. நவம்பர் மழை விட்டதும் ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க டூர் வர்ற நாளாப் பார்த்து, ஒரே ஒரு தொப்பியோட ஆரம்பிக்கலாம். பேரேடு மட்டும் தடிமனா வாங்கணும். பிள்ளைங்க பொய் சொல்ல ஆரம்பிச்சா நிறுத்தாது.